மாண்ட்வி: கரையில் வளரும் கப்பல்கள்

கட்ச் வளைகுடாவின் வாயருகே இருக்கும் இந்தச் சின்னத் துறைமுக ஊருக்குப் பயணிகள் வருவது அரண்மனையையும் கடற்கரையையும் பார்க்க. ஊரின் உயிர் இருப்பதோ ஆற்றங்கரையில், சுமார் 400 ஆண்டுகளாக நடந்துவரும் மரக்கப்பல் கட்டும் தொழிலில். அது இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்பதுதான் கேள்வி.

ருக்மாவதி ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று கடல் பக்கமாகத் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர் அல்ல, கப்பல்கள். அவை மிதக்கவில்லை. ஆற்றோர மணலில், முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒன்று வெறும் எலும்புக்கூடு. இன்னொன்றுக்குப் பாதி உடம்பு வரை பலகை ஏறியிருக்கிறது. மூன்றாவது, வண்ணம் பூசுவதற்காகக் காத்திருக்கிறது. இரண்டு மூன்று மாடி வீடுகளின் உயரத்துக்கு நிற்கும் இந்த உருவங்களின் கீழே ஆட்கள் எறும்புகள் போலத் தெரிகிறார்கள். உளிச் சத்தமும் சம்மட்டிச் சத்தமும் காலையில் தொடங்கிப் பொழுது சாய்ந்த பிறகுதான் ஓய்கின்றன.

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், மாவட்டத் தலைநகரான புஜ்ஜிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது மாண்ட்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 51 ஆயிரம் பேர் வாழும் ஊர். ரயில் கிடையாது, விமான நிலையம் கிடையாது. குளிர்காலத்தில் அகமதாபாத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் கார்களிலும் பஸ்களிலும் கூட்டம் வந்து இறங்குகிறது. வருபவர்கள் அரண்மனையில் இரண்டு மணி நேரம், கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது என்று கணக்குப் போட்டுத்தான் வருகிறார்கள். கப்பல் கட்டும் இடம் அந்தக் கணக்கில் இல்லை. போகிற வழியில் வண்டியை நிறுத்தி, கப்பலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

கண்ணே அளவுகோல்

தூத்துக்குடித் தோணிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கப்பல்கள் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. உடம்பு பெரியது, உறவு ஒன்றுதான். இரண்டுமே அரசாங்கக் கணக்கில் 'இயந்திரப் பாய்க்கப்பல்' என்ற ஒரே இனத்தில் பதிவாகின்றன. கட்ச் மக்கள் இதை 'வஹாண்' என்கிறார்கள். மேலைநாட்டார் கொடுத்த பெயர் 'தௌ'.

வேலை தொடங்குவது அடிக்கட்டையில். நம் கடலோரத்தில் 'ஏரா' என்று சொல்கிறார்களே, அதுதான். நீளமான, கோணலில்லாத கட்டையாக அது இருக்க வேண்டும். அதன் இரு பக்கமும் விலா எலும்புகள் போல 'வங்கு'கள் எழும்புகின்றன. வங்குகளுக்கு இங்கே பயன்படுவது கருவேல இனத்தைச் சேர்ந்த உள்ளூர் மரம். இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கிளைகளைத் தேடிப் பிடித்து, எந்த வளைவு எந்த இடத்தில் பொருந்தும் என்று பார்த்து வைக்கிறார்கள். நேராக வளர்ந்த மரத்தை வெட்டி வளைவை உண்டாக்கினால் இழை அறுந்துபோகும். வளைந்தே வளர்ந்த மரத்துக்குத்தான் அலையின் அடியைத் தாங்கும் பலம் உண்டு. பலகைகளுக்கு வேண்டிய சால் மரம் மலேசியாவிலிருந்து கப்பலேறி வருகிறது. முழ நீள இரும்பு ஆணிகளை அறைந்து பலகைகளை வங்குகளோடு சேர்க்கிறார்கள்.

பிறகு கலப்பத்து வேலை. இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு இடுக்கிலும் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை உளியால் அடித்து அடித்துத் திணிக்க வேண்டும். பார்ப்பதற்குச் சாதாரண வேலை. ஆனால் கடலில் கப்பல் தண்ணீர் குடிக்காமல் இருப்பது இந்தத் திரியால்தான். கப்பல் முழுவதும் இப்படி அடைத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

இத்தனைக்கும் பெரும்பாலும் காகிதத்தில் வரைபடம் கிடையாது. தலைமை மிஸ்திரியின் கண்தான் அளவுகோல். ஏராவின் நீளம் இவ்வளவு என்றால் அகலம் எவ்வளவு, மூக்கு எந்தச் சாய்வில் எழ வேண்டும் என்பதெல்லாம் அவருடைய மனக்கணக்கு. அப்பாவிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ, பக்கத்தில் நின்று மரம் பிடித்துக் கற்றுக்கொண்டது. ஒரு பெரிய வஹாண் முடிய இரண்டு ஆண்டுகள் ஆகும், சில சமயம் அதற்கும் மேலே. முதலாளியிடம் பணம் தட்டினால் வேலை நின்றுவிடும். பாதி கட்டிய கப்பல் வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கும். முடிந்த கப்பலை ஆற்றில் இறக்குவதற்குப் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஆயிரம் டன்னுக்கு மேல் சரக்கேற்றும் கப்பல்களும் இந்தக் கரையில் பிறந்திருக்கின்றன.

சுங்கச் சாவடியில் பிறந்த ஊர்

'மாண்ட்வி' என்ற சொல்லுக்குச் சுங்கச் சாவடி என்று பொருள். கட்ச்சை ஆண்ட முதலாம் ராவ் கெங்கார்ஜி 1580-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த ஊரை நிறுவினார். வடக்கே சிந்து, ராஜஸ்தான் பக்கத்திலிருந்து ஒட்டக வண்டிகளில் வரும் சரக்கு, கடல் வழியே வரும் சரக்கோடு சந்திக்கும் இடமாக மாண்ட்வி வளர்ந்தது. ஊரைச் சுற்றிக் கோட்டை மதிலும் வாசல்களும் எழுந்தன. மதிலின் மிச்சங்களை இன்றும் பார்க்கலாம்.

வணிகர்களில் பாட்டியாக்களும் லோகாணாக்களும் ஜைனர்களும் போராக்களும் இருந்தார்கள். கப்பலில் போனவர்களில் கார்வா இனத்தவரும், ஆற்றின் மறுகரையில் சலாயாவில் வாழும் முஸ்லிம் கடலோடிகளும் இருந்தார்கள். கட்ச்சின் பருத்தித் துணி மஸ்கட்டுக்கும் சான்சிபாருக்கும் போயிற்று. அங்கிருந்து பேரீச்சையும் தந்தமும் கிராம்பும் வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் சான்சிபாரின் சுங்க வசூலையே குத்தகைக்கு எடுக்கும் அளவுக்குக் கட்ச் வணிகர்கள் செழித்தார்கள். அந்தச் செல்வத்துக்குப் பின்னால் கிழக்கு ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தின் கறையும் உண்டு என்பதை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மாண்ட்வியின் பழைய தெருக்களில் காணப்படும் மரச் செதுக்கல் பால்கனிகளும் சித்திரக் கதவுகளும் அந்தக் காலத்துக் காசில் எழுந்தவை.

கப்பலை வழிநடத்துபவருக்குக் கட்ச்சில் 'மாலம்' என்று பெயர். 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது இது; கற்றுத்தருபவர், கரை கண்டவர் என்று பொருள். தமிழில் நாம் நெடுங்காலமாக வழங்கிவரும் 'மாலுமி'யும் அதே அரபுச் சொல்லின் வாரிசுதான். அரபிக் கடல் ஒரு கரைக்கு மட்டும் சொந்தமானதில்லை என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

மாலம்களில் மிகவும் பேசப்படுபவர் கான்ஜி மாலம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கோழிக்கோட்டுக்கு வாஸ்கோ ட காமாவுக்கு வழி காட்டியவர் அவர்தான் என்று மாண்ட்வியில் பெருமையோடு சொல்கிறார்கள். காமா வந்தது 1498-இல்; கெங்கார்ஜி ஊரை நிறுவியது சுமார் 80 ஆண்டுகள் கழித்து. வழிகாட்டியது யார் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரு குஜராத்தி என்பவர்கள் உண்டு. அவர் பெயரும் ஊரும் நிச்சயமில்லை. ஆனாலும் கதை சாகவில்லை. கடலோடிகளின் ஊருக்கு ஒரு கதாநாயகன் தேவைப்படுகிறார்.

அரண்மனையும் தபேலியும்

ஊரிலிருந்து மேற்கே சில கிலோ மீட்டர் தள்ளி, தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது விஜய விலாஸ் அரண்மனை. மூன்றாம் கெங்கார்ஜியின் ஆட்சியில், இளவரசர் விஜயராஜிக்காகக் கோடைகால மாளிகையாக 1920-இல் கட்டத் தொடங்கி 1929-இல் முடித்தார்கள். சிவந்த மணற்கல்லில் ராஜபுத்திரப் பாணி. நடுவே பெரிய குவிமாடம், ஓரங்களில் வங்காளப் பாணிக் கவிகைகள், கல்லில் இழைத்த ஜாலிச் சன்னல்கள். ராஜஸ்தானிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த கைவினைஞர்களோடு கட்ச்சின் மிஸ்திரிகளும் சேர்ந்து கட்டியது. மேல்மாடிக்குப் போனால் ஒரு பக்கம் தோப்பு, மறுபக்கம் கடல். இந்திப் பட ரசிகர்களுக்கு இந்த மாளிகை ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கும்: 'ஹம் தில் தே சுகே சனம்' (1999), 'லகான்' (2001) படங்களில் வருகிறது. அரச குடும்பத்தின் சொத்து. அதன் தனிக் கடற்கரையில் தங்குவதற்குக் கூடாரங்களும் உண்டு.

பொதுமக்களுக்கான கடற்கரை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 'விண்ட் ஃபார்ம் பீச்' என்று பெயர். நாட்டின் தொடக்க காலக் காற்றாலைகளில் சில 1980-களில் இங்கே நிறுவப்பட்டதால் வந்த பெயர். அலை அதிகமில்லாத, சரிவு குறைந்த கரை. ஒட்டகச் சவாரி, குதிரைச் சவாரி, தண்ணீர் ஸ்கூட்டர் என்று விடுமுறை நாட்களில் திருவிழாக் கூட்டம். அமைதி வேண்டுபவர்கள் அதிகாலையில் போவது நல்லது.

மாண்ட்விக்கு வந்துவிட்டுத் தபேலி சாப்பிடாமல் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். உருளைக்கிழங்கு மசாலாவைப் பன்னுக்குள் வைத்து, மாதுளை முத்து, மசாலா கடலை, காரச் சட்னி, இனிப்புச் சட்னி எல்லாம் சேர்த்துக் கல்லில் வாட்டித் தருகிறார்கள். இன்று மும்பைத் தெருமுனைகள் வரை போய்விட்ட இந்தப் பண்டம் 1960-களில் பிறந்தது இந்த ஊரில்தான். கேசவ்ஜி காபா சூடாசமா என்பவர் தொடங்கினார், அப்போது விலை ஓர் அணா என்கிறார்கள். ஊரில் அவருக்கு வழங்கிய பெயர் 'கேசா மாலம்'. தின்பண்டத்தின் கதையிலும் கடல் வந்துவிடுகிறது.

கடை வீதியில் பந்தேஜ் எனப்படும் முடிச்சுச் சாயத் துணிகள் இன்னொரு கவர்ச்சி. துணியைக் கடுகளவு கடுகளவாகக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் தோய்க்கும் இந்த வேலையில் பெரும்பகுதியை வீட்டில் இருந்தபடி பெண்கள் செய்கிறார்கள். நம் சுங்குடிச் சேலைக்கு நெருங்கிய சொந்தம். புள்ளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு விலை.

லண்டன் வீட்டுக்கு ஒரு நகல்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டிய இடம் 'கிராந்தி தீர்த்'. 1857 அக்டோபர் 4-ஆம் தேதி மாண்ட்வியில் பிறந்த ஷியாம்ஜி கிருஷ்ண வர்மாவின் நினைவிடம் இது. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சமஸ்கிருதப் புலமையால் ஆக்ஸ்ஃபோர்டு வரை போய், பாரிஸ்டராகி, சமஸ்தானங்களில் திவானாக இருந்து, கடைசியில் எல்லாவற்றையும் உதறிவிட்டு லண்டனில் இந்திய விடுதலைக்காக வேலை செய்தவர் ஷியாம்ஜி. 1905-இல் 'தி இந்தியன் சோஷியாலஜிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டில் லண்டன் ஹைகேட் பகுதியில் இந்திய மாணவர்கள் தங்குவதற்காக 'இந்தியா ஹவுஸ்' திறந்தார். சாவர்க்கரும் மதன்லால் டிங்ராவும் வந்து போன அந்த வீட்டில்தான் வ.வே.சு. ஐயரும் இருந்தார். சட்டம் படிக்கக் கப்பலேறிய ஐயர் புரட்சிக்காரராக மாறியதும், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் அந்த வட்டத்தோடு பழகியதும் அங்கேதான்.

2010 டிசம்பரில் திறக்கப்பட்ட நினைவிடத்தின் நடுவே அந்த இந்தியா ஹவுஸின் நகல் நிற்கிறது. கட்ச்சின் பொட்டல் வெளியில், கொளுத்தும் வெயிலில், சிவப்புச் செங்கல்லில் ஒரு லண்டன் வீடு. முதல் பார்வைக்கு வேடிக்கையாக இருக்கும். உள்ளே ஷியாம்ஜியின் அஸ்திக் கலசம் இருக்கிறது. 1930-இல் ஜெனிவாவில் இறந்தவர், தன்னுடைய அஸ்தியையும் மனைவி பானுமதியின் அஸ்தியையும் இந்தியா விடுதலையான பின் தாய்நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்திருந்தார். விடுதலை 1947-இல் வந்தது. அஸ்தி ஊருக்கு வந்தது 2003-இல். லண்டன் வக்கீல்கள் மன்றமான இன்னர் டெம்பிள் 1909-இல் அவர் பெயரை நீக்கியது. அதைத் திரும்பச் சேர்த்ததோ 2015-இல்.

மாண்ட்வியிலிருந்து சுமார் 10 கிலோ மீட்டரில், கோடாய் கிராமத்தருகே 72 ஜினாலயம் இருக்கிறது. மூலக் கோயிலைச் சுற்றி 72 சிறு சன்னதிகளுடன் வெள்ளைப் பளிங்கில் எழுந்த ஜைனக் கோயில் வளாகம். பழமையானதல்ல, ஆனால் கல் வேலை நிதானமாகப் பார்க்க வேண்டியது.

புஜ்ஜுக்குத் திரும்பும்போது பார்க்க வேண்டியது ஆய்னா மகால். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மகாராவ் லக்பத்ஜிக்காக இதைக் கட்டியவர் ராம்சிங் மாலம். கடலில் கப்பல் உடைந்து, டச்சுக்காரர்களால் காப்பாற்றப்பட்டு, ஐரோப்பா போய்க் கண்ணாடி, ஓடு, கடிகார வேலைகளைக் கற்றுக்கொண்டு திரும்பிய கடலோடி. இந்த மாளிகை 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் பலத்த சேதமடைந்தது. அந்தப் பூகம்பத்தில் இறந்தவர்களுக்காகப் புஜியா மலையில் எழுந்திருக்கும் 'ஸ்மிருதிவன்' நினைவகமும் அருங்காட்சியகமும் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

மணலும் சட்டமும்

துறைமுக ஊரில் துறைமுகம் எங்கே என்று புதிதாக வருபவர்கள் கேட்பது உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ருக்மாவதி மழைக்காலத்து ஆறு. மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் போடும். வளைகுடாவின் ஏற்றவற்றம் அதை அங்கேயே தேக்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்தபோது அவற்றால் மாண்ட்விக்குள் நுழைய முடியவில்லை. கடலில் நின்று படகுகளில் சரக்கை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. பெரிய வணிகர்கள் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார்கள். 1947-இல் கராச்சி பாகிஸ்தானுக்குப் போனதும், அதற்குப் பதிலாக மேற்குக் கரையில் ஒரு பெரிய துறைமுகம் வேண்டும் என்று மத்திய அரசு தேடியபோது தேர்ந்தெடுத்தது வளைகுடாவின் உள்மூலையில் இருக்கும் காண்ட்லாவை. 1955-இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

அடுத்து வந்தது முந்த்ரா. மாண்ட்விக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோ மீட்டரில், 1998-இல் இயங்கத் தொடங்கிய அதானி குழுமத்தின் துறைமுகம். 2024-25 நிதியாண்டில் அது கையாண்ட சரக்கு 20 கோடி டன். நாட்டில் வேறெந்தத் துறைமுகமும் அதுவரை தொடாத அளவு. ஒரு காலத்தில் மாண்ட்வியும் முந்த்ராவும் கட்ச் கடல் வாணிகத்தின் இரட்டைப் பிள்ளைகள். இன்று ஒன்றில் மலை போன்ற கண்டெய்னர் கப்பல்கள். மற்றொன்றில் ஆற்று மணலில் ஏற்றத்துக்குக் காத்திருக்கும் மரக்கப்பல்.

இருந்தும் மரக்கப்பல் சாகவில்லை. காரணம், கண்டெய்னர் கப்பல்கள் போக விரும்பாத இடங்கள் உலகில் இன்னும் இருக்கின்றன. ஆழமில்லாத துறைகள், கிரேன் இல்லாத கரைகள், சண்டை நடக்கும் நாடுகள். சோமாலியாவுக்கும் ஏமனுக்கும் துபாய், ஷார்ஜாவிலிருந்து அரிசி, சர்க்கரை, கட்டுமானப் பொருள், பழைய கார் என்று கையால் ஏற்றிக் கையால் இறக்கும் சரக்கைக் கொண்டுபோவது வஹாண்கள்தான். பாய்மரத்தின் இடத்தை டீசல் எஞ்சின் பிடித்தது, மாலமின் நட்சத்திரக் கணக்கை ஜி.பி.எஸ். பிடித்தது. உடம்பு மட்டும் அதே மரம்.

யாரும் போகாத இடத்துக்குப் போவதே இந்தத் தொழிலின் பிழைப்பு, அதுவே ஆபத்தும். 2010 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர்கள் அடுத்தடுத்து இந்திய மரக்கப்பல்களைப் பிடித்தார்கள். அந்த மாத இறுதியில் மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், ஓமானின் சலாலாவையும் மாலத்தீவின் மாலேயையும் இணைக்கும் கோட்டுக்குத் தெற்கேயும் மேற்கேயும் இந்த வகைக் கப்பல்கள் போகக் கூடாது என்று தடை போட்டது. உயிரைக் காக்கப் போட்ட கோடுதான். ஆனால் வஹாண்களின் முக்கியச் சந்தையான சோமாலியக் கரை கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. 2015 செப்டம்பரில் ஏமன் கரையருகே நடந்த வான் தாக்குதலில் மரக்கப்பல்களில் இருந்த இந்திய மாலுமிகள் சிலர் பலியானார்கள். 2017 ஏப்ரலில் 'அல் கௌசர்' என்ற இந்திய வஹாணைச் சோமாலியக் கொள்ளையர்கள் கடத்தினார்கள். மாலுமிகள் பிறகு மீட்கப்பட்டார்கள். அந்த நாட்களில் மாண்ட்வியின் கடலோடிக் குடும்பங்கள் டெலிபோனை விட்டு நகரவில்லை.

கப்பல் ஓடினால்தான் அடுத்த கப்பலுக்கு ஆர்டர் வரும். அதன் மேல் மரத்தின் விலையும், இறக்குமதிச் செலவும், இன்ஷூரன்ஸும். இரும்புக் கப்பலுக்குக் கிடைப்பது போன்ற வங்கிக் கடன் மரக்கப்பலுக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை. இதையெல்லாம் பார்த்து வளரும் மிஸ்திரி வீட்டுப் பையனுக்குக் கண்ணெதிரே வேறு வழிகளும் இருக்கின்றன. முந்த்ராவின் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம். வளைகுடா நாடுகளில் தச்சு வேலை. 10 ஆண்டுகள் பக்கத்தில் நின்று கற்க வேண்டிய தொழிலுக்கு அந்த 10 ஆண்டுகளைக் கொடுக்க ஆள் வேண்டும். மரம் மலேசியாவிலிருந்து வந்துவிடும். ஆள் எங்கிருந்து வருவார்?

நாடு தன் கடல் மரபை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. லோத்தலில் தேசிய கடல்சார் பாரம்பரிய வளாகம் எழும்புகிறது. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் பழைய முறையில், அஜந்தா ஓவியத்தைப் பார்த்து உருவாக்கிய 'கௌண்டின்யா' என்ற பாய்க்கப்பல் 2025 மே மாதம் கடற்படையில் சேர்ந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் மாண்ட்வியில் இருப்பதை யாரும் மீட்டு உருவாக்க வேண்டியதில்லை. அது இன்னும் நின்றுபோகவே இல்லை. பிழைப்புக்காக, சரக்கு ஏற்றுவதற்காக, வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் கப்பல் கட்டுகிறார்கள். நின்றுபோன பிறகு அருங்காட்சியகம் வைப்பதைவிட, நிற்காமல் பார்த்துக்கொள்வது செலவு குறைந்த வேலை: மரத்துக்குக் கடன், பயிற்சிக்கு வரும் இளைஞனுக்கு உதவித்தொகை, மிஸ்திரியின் மனக்கணக்கை எழுதி வைக்க ஓர் ஏற்பாடு.

பயணி செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அரண்மனைக்கு ஒதுக்கும் இரண்டு மணி நேரத்தில் பாதியை ஆற்றங்கரைக்குக் கொடுக்கலாம். அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆணிகள் சிதறிக் கிடக்கும் இடம். செருப்பு பத்திரம், குழந்தைகள் பத்திரம். பஞ்சுத் திரி அடிப்பவரின் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றால் போதும். வண்ணம் பூசிய கப்பலின் முன் எடுத்த படத்தில் வராத ஒன்று கண்ணுக்குப் பிடிபடும்: ஒரு சாண் இடுக்கை அடைக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது.

பயணக் குறிப்புகள்

போகும் வழி: சென்னையிலிருந்து அகமதாபாத் அல்லது மும்பை போய், அங்கிருந்து ரயிலிலோ விமானத்திலோ புஜ் சேரலாம். அகமதாபாத்-புஜ் இடையே 2024 செப்டம்பரில் 'நமோ பாரத்' ரயில் தொடங்கப்பட்டது. தென் மாவட்டத்தினருக்கு, திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் கொங்கண் பாதை வழியாகக் காந்திதாம் போகும் வாராந்திர ரயில்கள் வசதி. காந்திதாமிலிருந்து புஜ், புஜ்ஜிலிருந்து மாண்ட்வி என்று பஸ்களும் வாடகைக் கார்களும் உண்டு.

பருவம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொடுமை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மரக்கப்பல்கள் கடலுக்குப் போவதில்லை. அப்போது ஆற்றில் ஓய்வெடுக்கும் கப்பல்களை அதிகமாகப் பார்க்கலாம். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் கட்ச்சின் ஜகாவ் அருகே கரை கடந்தது. மழைக்காலத்தில் கிளம்பினால் வானிலை அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளவும்.

நேரம்: மாண்ட்விக்கு இரண்டு நாள், புஜ்ஜுக்கு ஒரு நாள். அரண்மனைக்கும் கடற்கரைக்கும் ஆட்டோவில் போகலாம். பழைய ஊரை நடந்தே பார்ப்பது நல்லது.

மொழி: ஊரில் கட்ச்சி பேசுவார்கள், எழுதுவது குஜராத்தியில். இந்தி எல்லோருக்கும் புரியும். கட்ச்சி, சிந்தி மொழிக்கு நெருங்கிய உறவு. ஆற்றங்கரையில் மட்டும் 'மாலம்' என்று சொல்லிப் பார்க்கலாம். பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.